திரு. பங்க்சுவல் அவர்களின் மகள்

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட வேண்டுமென்றால், பெயருக்குப் பின்னால் இங்கிலீஷ் அடைமொழி ஒன்று இருக்க வேண்டும். முன்பு பி.ஏ., பி.எல். என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டம் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டதால் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பங்க்சுவல், அக்யூரேட், சிஸ்டமேட்டிக், இந்த மாதிரி. ஒழுங்கைக் காட்டும் சொல்லாக இருப்பது கட்டாயம். நல்லவர், இரக்கமுள்ளவர் என்பதற்கெல்லாம் இங்கிலீஷில் என்ன சொல் கொண்டுபோனாலும் செல்லாது.

என்னிடம் அடைமொழி இல்லை. என் மகள் செண்பகவல்லிக்கு அடுத்த மாதம் நாலாம் தேதி கல்யாணம்.

அச்சகத்தில் ஜேசுவடியான் ப்ரூஃபை விரித்துக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நிறைந்திருந்தது. சம்பந்தி திரு. குற்றாலிங்கம், சிஸ்டமேட்டிக். அவர் அண்ணன், அக்யூரேட். மைத்துனர், ஷார்ப். மாப்பிள்ளையின் தாத்தா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவருக்கும் கன்சிஸ்டென்ட் என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு மாற்றமும் இல்லையாம்.

எங்கள் பக்கத்தில் "திரு. ச. ஆறுமுகநயினார்" என்று என் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கமா. அதற்குப் பிறகு கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் இடம். அந்த இடம் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"கமாவோட நிக்குது அண்ணாச்சி" என்றார் ஜேசுவடியான்.

"கமாவ எடுத்துரும்வே."

அவர் இடுக்கியால் கமாவைப் பிடித்து இழுத்தார். பெயரும் சேர்ந்து வந்தது. எனக்குக் காது வலித்தது.

"பாத்தியளா? அப்படியே விட்டாலும் ஆவாது. காலி எடம் மிஷின கடிச்சிரும். போன வாரம் ஒரு பூப்புனித விழாவுல ரோலர்ல பாதியத் தின்னுட்டு."

"பேரே போடலன்னா?"

"மண்டபத்துக்குள்ள விட மாட்டாவ. வாசல்ல பத்திரிகையும் கையுமா ஆளு நிக்கும்லா."

"நான் பொண்ணப் பெத்த அப்பன்வே."

"அது சரி அண்ணாச்சி. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

எனக்குத் தெரியவில்லை. தாரை வார்க்க வேண்டியது நான். செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பெண்ணைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய கை என்னுடையது. அந்தக் கைக்குத் தண்ணீர் விடுவது புதிதல்ல. முப்பத்தோரு வருடம் நகராட்சியில் குடிநீர் வால்வு திறந்த கை. காலை ஐந்து நாற்பதுக்குத் திறக்கும். ஒன்றேகால் மணி நேரம் தண்ணீர் வரும். ஆறு ஐம்பத்தைந்துக்கு மூடும்.

"நாலு மணிக்குள்ள ஒரு அடைமொழி கொண்டாந்துருங்க. அதுக்கு மேல மை காஞ்சிரும்" என்றார் ஜேசுவடியான்.

அடைமொழிப் பிரிவு தாலுகா அலுவலகத்தின் முதல் மாடியில் கடைசி அறை. நான் ஒரு அடி வைத்தால் வராந்தா இரண்டு அடி நீண்டது. காரணம் இருந்தது. அதிகாரிகளின் பெயர்ப்பலகையில் அடைமொழிகள் கூடிக்கொண்டிருந்தன. பலகை நீளும்போது கதவு அகலமானது. கதவு அகலமானபோது அறை அகலமானது. நான் நடந்துகொண்டிருக்கும்போதே துணை வட்டாட்சியர் ஒருவருக்கு "சிஸ்டமேட்டிக்"கோடு "மெத்தாடிக்கல்"லும் வந்து சேர்ந்தது. வராந்தா ஒரு பர்லாங்கு தள்ளிப்போனது.

பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "பலகைய வாசிச்சிட்டே போனா போய்ச் சேர மாட்டிய. தரையப் பாத்து நடங்க."

தரையைப் பார்த்து நடந்தேன். உடனே வந்துவிட்டது.

மேசைக்குப் பின்னால் ஒரு மேடம் இருந்தார். மேசைமேல் "மெட்டிகுலஸ்" என்ற பலகை. அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். பேனா அவர் கொண்டையில் இருந்தது. அதோடு இன்னும் நான்கு பேனாக்கள் இருந்தன.

"எது வேணும்?"

"ரெகுலர், மேடம்."

"என்ன தகுதி?"

"முப்பத்தோரு வருசம் காலைல அஞ்சு நாப்பதுக்கு வால்வு தொறந்திருக்கேன். ஒருநா தப்புனதில்ல. என் கல்யாணத்தன்னைக்கும் தொறந்துட்டுப் போயித்தான் தாலி கட்டுனேன்."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்லுதேன்."

"நீங்க சொன்னா அது பேச்சு. இன்னொருத்தர் மைக்குல சொன்னாத்தான் அடைமொழி. ரிட்டயர்மெண்ட் பங்ஷன் நடந்துதுல்லா? அதுல என்ன சொன்னாங்க?"

நடந்தது. நான் ஓய்வு பெற்று ஒன்றரை மாதம் ஆகிறது. பேச வந்தவர் பொறியாளரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பொறியாளர் ஓய்வு பெறவில்லை. முந்தின வாரம்தான் வேலைக்கு வந்திருந்தார். அவருக்கு டைம்லி, ப்ராம்ப்ட், ப்ரிசைஸ் மூன்றும் கிடைத்தன. பிறகு பேச்சாளர் என் பக்கம் கைகாட்டி "இவரும்" என்றார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்ததும் அதை வாங்கி அடுத்தவருக்குப் போர்த்தினார்கள்.

மேடம் பதிவேட்டில் விரல் வைத்துப் படித்தார். "ஆறுமுகநயினார். ஆமா. 'இவரும்'னு ஏறியிருக்கு. இது தமிழு."

"அத வச்சிக்கிட்டு ஒண்ணும் முடியாதா?"

"போடலாம். 'திரு. ஆறுமுகநயினார், இவரும்'. மாப்பிள்ள வீட்ல சிரிப்பாங்க. ரெகுலர் எப்படியும் கிடைக்காது. ஒன்றரை மாசமா லீவுல இருக்கு."

"யாருக்குக் குடுத்திருக்கு?"

"ஒங்க இடத்துக்கு வந்தவருக்கு."

எனக்குப் புரிந்தது. ஒன்றரை மாதமாக ஊரில் தண்ணீர் வரவில்லை. வால்வுக்குப் புதிதாக வந்தவரை யாரும் பார்த்ததில்லை. அவர் பெயரோடு ரெகுலர் இருந்ததால் புகார் வாங்க மாட்டேன் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். ஊர் லாரித் தண்ணீருக்கு மாறிவிட்டது.

"பர்ஃபெக்ட் இருக்கா மேடம்?"

"வெளுக்கப் போட்டிருக்கு. ஆளாளுக்கு எடுத்துப் போட்டு நைஞ்சிருச்சு."

"எக்ஸாக்ட்?"

"அளவு சரியில்ல. இதுவரைக்கும் யாருக்கும் பொருந்தல. பங்க்சுவல் இருக்கு. தாரேன்."

"தாங்க மேடம்."

"இன்னும் வரல."

நான் அதிர்ந்தேன். அதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். சுவரோரமாக ஒரு பெஞ்சு. மேலே "அதிர்ச்சி அடைந்தோர் இங்கே அமரவும்". ஏற்கெனவே மூன்று பேர் வாயைத் திறந்தபடி அமர்ந்திருந்தார்கள். ஒருவர் ஒண்டிக்கொண்டு இடம் கொடுத்தார். நானும் வாயைத் திறந்துகொண்டு அமர்ந்தேன். ஒரு மணிக்கு அப்படியே எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். வசதியாக இருந்தது.

இரண்டு ஐம்பதுக்குப் பங்க்சுவல் வந்தது.

ஐந்தடி ஆறங்குலம். வெளிர் நீலச் சஃபாரி. சட்டைப்பையில் நாலு பேனா. ஒரு கையில் காபி பிளாஸ்க். அறை முழுவதும் எழுந்து நின்றது. மேடம் ஸ்டூலில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைப் பத்து மணிக்குத் திருப்பினார். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து. எனக்குப் பசித்தது. மடியில் டிபன் பாக்ஸ் கனத்தது. திறந்து பார்த்தேன். எலுமிச்சைச் சாதம் நிறைய இருந்தது. நான் மென்று துப்பிய மிளகாய் வற்றல்கூட முழுதாக மேலே கிடந்தது.

"லேட்டாயிருச்சோ?" என்றது பங்க்சுவல்.

"சேச்சே! இல்ல சார்" என்றார்கள் எல்லாரும்.

பங்க்சுவல் என்னைப் பார்த்தது. "நீங்க ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கீங்க?"

நான் மன்னிப்புக் கேட்டேன்.

மேடம் ஒரு படிவத்தை நீட்டினார். ஒரே ஒரு நிபந்தனை. அடைமொழிக்கு இடம் போதாமல் போனால் பெயரைச் சுருக்கிக்கொள்ளச் சம்மதிக்கிறேன். எவ்வளவு சுருக்குவார்கள் என்று கேட்டேன். "பாத்து செய்வாங்க" என்றார். பெண்ணின் கல்யாணம். கையெழுத்துப் போட்டேன்.

மணி பத்துதான் ஆகியிருந்ததால் பத்தரைக்கெல்லாம் அச்சகத்துக்கு வந்துவிட்டேன். ஜேசுவடியான் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். காலையில் பேசியதை நான் மறுபடி பேச வேண்டியிருந்தது. அடைமொழியைக் கோத்தார். அது காலி இடத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, கமாவை நெருக்கியது. பிறகு ஆறுமுகநயினாரை நெருக்கியது. கடைசி எழுத்து விழுந்தது. அப்புறம் ஒன்று. எட்டும் விழுந்தன. இனிஷியல் கொஞ்ச நேரம் விளிம்பைப் பிடித்துத் தொங்கியது. பிறகு அதுவும் போயிற்று.

"திரு. பங்க்சுவல் அவர்களின் மகள் செல்வி செண்பகவல்லி."

ஜேசுவடியான் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "கொற சொல்லக்கூடாது அண்ணாச்சி. எடுப்பாத்தான் இருக்கு."

விழுந்த ஈய எழுத்துக்களைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி பிரம்மசக்தி பத்திரிகையை ஜன்னல் வெளிச்சத்தில் வாசித்தாள்.

"ஒங்க பேர எங்க?"

"பையில."

"பத்திரமா வையுங்க. ரேசன் கார்டுக்கு வேணும்." இன்னொரு தடவை வாசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. எங்க அண்ணன் பாத்தா வயிறெரிவான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, அன்னைக்கு நீங்க எங்க உக்காருவிய?"

செண்பகவல்லி அடுப்படியிலிருந்து வந்தாள். இருபத்தாறு வருடமாக என் வால்வுச் சத்தத்தில் கண்விழித்த பெண். பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"எப்பா, தண்ணி ஒங்க கைதான் ஊத்தணும். இல்லன்னா நான் கைய விரிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

நாலாம் தேதி. முகூர்த்தம் ஏழரை மணி. நான் ஐந்து நாற்பதுக்கு மண்டபத்து வாசலில் நின்றேன். வானம் இருட்டிக் கிடந்ததால் குடையோடு போயிருந்தேன்.

வாசல்காரர் பத்திரிகையில் விரலை ஓட்டினார். "பேரு?"

காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "இது பேரு இல்ல. ஈயம்."

"பொண்ணுக்கு அப்பா நான்."

"அப்பா இன்னும் வரல. வந்தா அவர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."

கைகழுவும் இடத்துக்கு வெளியே, ஜன்னலோரம், ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன். அங்கிருந்து மணவறை தெரிந்தது. அப்பாவுக்கான பலகை காலியாக இருந்தது.

ஏழு இருபத்தொன்பதுக்குக் கடிகாரங்கள் நின்றன. நிழல் சுருங்கியது. வெயில் உச்சிக்கு ஏறியது. முதல் பந்தி இட்லி சாப்பிட்டது. இரண்டாம் பந்தி சாப்பிட்டது. முதல் பந்திக்கு மறுபடி பசித்ததால் மூன்றாம் பந்தியாக உட்கார்ந்தது. கை கழுவிக் கழுவி லாரித் தண்ணீர் தீர்ந்தது.

"முகூர்த்தம் தாண்டிட்டு மாதிரி இருக்கே" என்று யாரோ ஒரு பெரியம்மா சொன்னாள்.

சம்பந்தி குற்றாலிங்கம் சிரித்தார். "அவரு வராம ஏழரை எப்பிடி மைனி ஆவும்?"

"அதானே" என்றார் ஐயர். "அவர் வர்ற வரைக்கும் ஏழு இருபத்தொம்போதுதான்."

மாப்பிள்ளையின் தாடி லேசாக வளர்ந்திருந்தது.

நிழலை வைத்துப் பார்த்தால் ஒன்றேகால் மணிக்குப் பங்க்சுவல் வந்தது. அதே சஃபாரி. நாதஸ்வரம் எழுந்தது. கடிகாரங்கள் ஏழரை அடித்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குப்பையில் கிடந்த இலைகள் பந்திக்குத் திரும்பின. இட்லிகள் இலைக்குத் திரும்பின. கோபித்துக்கொண்டு போன இரண்டு பேர் நாற்காலிக்குத் திரும்பினார்கள். மாப்பிள்ளையின் தாடி உள்ளே போனது. தண்ணீர் மட்டும் தொட்டிக்குத் திரும்பவில்லை. ஓடிய தண்ணீர் யார் வந்தாலும் திரும்பாது. இதை நான் முப்பத்தோரு வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

பங்க்சுவல் அப்பாவின் பலகையில் அமர்ந்தது. ஐயர் செம்பை எடுத்துக் கொடுத்தார். அது கவிழ்த்துப் பார்த்தது. ஒரு சொட்டும் விழவில்லை. செண்பகவல்லி கையை முஷ்டியாக மூடி வைத்திருந்தாள்.

"கைய விரிம்மா" என்றார் ஐயர்.

"தண்ணி எங்க?" என்றாள்.

பங்க்சுவல் தன் கடிகாரத்தைப் பார்த்தது. "எனக்கு இன்னும் ரெண்டு வீட்ல பொண்ணு இருக்கு" என்று சொல்லி எழுந்தது. மைக்கில் ஒருவர் அதைப் பாராட்டினார். வந்த வேகத்திலேயே கிளம்பும் பண்பு வேறு யாருக்கும் வராது என்றார். கைதட்டல் முடிவதற்குள் அது காரில் ஏறிப் போய்விட்டது.

கடிகாரங்கள் ஏழரையில் நின்றன. விநாடி முள் பாதி வழியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது.

"நல்ல நேரம்தான்" என்றார் ஐயர். "ஆனா இடம் காலியா இருக்கப்படாது."

பலகை இருந்த இடம் மெதுவாகத் திறந்து மூடத் தொடங்கியிருந்தது. முதலில் பலகையைத் தின்றது. பிறகு சம்பந்தியின் பட்டு வேட்டி ஓரத்தைப் பிடித்தது. ஜரிகை உள்ளே போவதை எல்லாரும் பார்த்தார்கள். முதன்முறையாக மண்டபமே அதிர்ந்தது. அத்தனை வாய்களும் திறந்தன. பெஞ்சு போதவில்லை.

"ஏ, யாராச்சும் தண்ணி கொண்டாங்கப்பா!" என்று கத்தினார் சிஸ்டமேட்டிக். வேட்டியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். "வரிசையா நில்லுங்க! மொதல்ல தண்ணி! இல்ல, மொதல்ல வேட்டி!"

"தண்ணி தொறக்குதவரு வெளிய இருக்காரு" என்றாள் பிரம்மசக்தி. கணவர் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடந்திருக்காது. அவள் விவரமானவள்.

வாசல்காரர் என்னிடம் ஓடி வந்தார். "நீங்க தண்ணிக்காரரா? மொதல்லயே சொல்லிருக்கலாம்லா. தண்ணிக்காரருக்குப் பத்திரிகை எதுக்கு?"

வால்வு தெருமுனையில் இருந்தது. அதன் சாவியை ஓய்வு பெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டேன். குழிக்குள் குடையை விட்டுத் திருகினேன். குடைக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது. பதினொன்றரைச் சுற்று. பூமிக்குள் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். பிறகு தெரு முழுக்கக் குழாய்கள் இருமின. வீடுகளிலிருந்து ஜனங்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

"வந்துட்டு, வந்துட்டு! மணி அஞ்சு நாப்பதுலா!" என்றாள் ஒருத்தி. உச்சி வெயிலில் நின்றுகொண்டு சொன்னாள்.

மண்டபத்துக்குத் திரும்பினேன். யாரும் தடுக்கவில்லை. செம்பை நிரப்பிக்கொண்டு மணவறை ஏறினேன். காலி இடம் என் இரண்டு பாதங்களையும் முகர்ந்து பார்த்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். அது மூடிக்கொண்டது. சம்பந்தி மீதி வேட்டியோடு பின்னால் விழுந்தார்.

"அண்ணாச்சி, மூஞ்சி ஃபிரேம்ல வருது" என்றார் வீடியோக்காரர். "கை மட்டும் போதும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினேன். செண்பகவல்லி அந்தக் கையைப் பார்த்தாள். முஷ்டியை விரித்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்தாள். ஊற்றினேன்.

"இப்பொழுது திரு. பங்க்சுவல் அவர்கள் தன் திருக்கரங்களால் தாரை வார்த்துக் கொடுக்கிறார்" என்றது மைக். ஊரே கைதட்டியது. ஒருவர் ஓடி வந்து என் முழங்கைவரை ஒரு பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். பொன்னாடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

"போதும் நிறுத்துங்கோ" என்றார் ஐயர்.

நிறுத்த முடியவில்லை. செம்பு காலியாகவில்லை. நான் திறந்த தண்ணீர் ஒன்றேகால் மணி நேரம் வரும். அதற்கு முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. தண்ணீர் அவள் விரல்களில் விழுந்து, தட்டில் நிறைந்து, மணவறைப் படியில் இறங்கியது. முதல் வரிசை வேட்டியைத் தூக்கிக்கொண்டது. இரண்டாம் வரிசை செருப்பைத் தேடியது. சம்பந்தி, எல்லாரும் முறைப்படி நனையுமாறு கேட்டுக்கொண்டார். மைக்கில் பாராட்டு தொடர்ந்தது. பேசியவரின் இடுப்புவரை தண்ணீர் ஏறியிருந்தது.

"எப்பா" என்றாள் செண்பகவல்லி, உதடு அசையாமல். "இது எப்பம் நிக்கும்?"

"எட்டே முக்காலுக்கு, தாயி."

அவள் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழரை. விநாடி முள் இன்னும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தது.

அவள் விரல்களை இன்னும் கொஞ்சம் விரித்தாள்.